வானவில் காட்டும் அட்டைக் கண்ணாடி: உள்ளே என்ன நடக்கிறது? விளையாட்டைத் தாண்டி எதற்கு உதவும்?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக வார இறுதியில் சின்ன அறிவியல் மன்றம் ஒன்று நடத்துகிறேன். தீபாவளிக்கு முன் அவர்களுக்காக அட்டைச் சட்டம் போட்ட வானவில் கண்ணாடிகள் ஒரு கட்டு வாங்கினேன். அதில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றைப் போட்டுக்கொண்டு விளக்கைப் பார்த்தால் எட்டுத் திசையிலும் வானவில் துண்டுகள் தெரிகின்றன. இன்னொன்றில் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஓர் இதய வடிவம் தெரிகிறது. பத்து விளக்கு எரிந்தால் பத்து இதயம்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுமே வெறும் பிளாஸ்டிக் தாள்தான். இதயம் எதுவும் அச்சடித்த மாதிரி தெரியவில்லை. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாயிற்று.

என் கேள்விகள்: இந்தத் தாள் எப்படி நிறம் பிரிக்கிறது? இதயம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகள் ஆகா ஓகோ என்று பார்த்து முடித்த பிறகு இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்? கடைசியாக, ஒரு பையனின் அம்மா "கிரகணத்துக்கு இதையே போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். என்ன சொல்வது?

சாக்பீஸ்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில். கூடவே கூடாது. பிள்ளைகளிடம் கண்ணாடியைக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். இந்தத் தாள் ஒளியைக் குறைப்பதே இல்லை, பக்கவாட்டில் கொஞ்சம் பிரித்து அனுப்புகிறது, அவ்வளவுதான். மீதி ஒளி நேராகக் கண்ணுக்குள் போகும். சூரியனைப் பொறுத்தவரை வெறுங்கண்ணும் இதுவும் ஒன்றுதான்.

இப்போது முதல் கேள்வி. அந்தத் தாளின் மேல் மிக நெருக்கமாகப் பள்ளமும் மேடுமாகக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பொதுவாகக் கிடைக்கும் தாளில் ஒரு மில்லிமீட்டருக்கு 500 கோடு. அதாவது இரண்டு கோடுகளுக்கு இடையே 2 மைக்ரோமீட்டர். 1000 கோடு உள்ள தாளும் கிடைக்கும். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறையில் நிறமாலைமானி (ஒளியின் நிறங்களைப் பிரித்து அளக்கும் கருவி) மேசையில் வைத்து அளந்தோமே, விளிம்பு விளைவுக் கீற்றணி, அதேதான் இது. பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடித் துண்டில் இருந்ததை இங்கே பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கிறார்கள்.

ஒளி ஓர் அலை. அது இந்தக் கோடுகளைக் கடக்கும்போது ஒவ்வொரு கோட்டிலிருந்தும் எல்லாத் திசைக்கும் பரவுகிறது. பெரும்பாலான திசைகளில் ஒரு கோட்டின் அலை மேலே போகும்போது இன்னொன்றின் அலை கீழே வரும், இரண்டும் அழிந்துவிடும். சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் எல்லாக் கோடுகளின் அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். கும்மியில் அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் தட்டினால்தான் சத்தம் ஓங்கிக் கேட்கும், அதுபோல. அந்தத் திசையில்தான் ஒளி பளிச்சென்று தெரியும்.

அந்தத் திசை எது என்பதை அலைநீளம் தீர்மானிக்கிறது. கோணத்தின் சைன் மதிப்பு = அலைநீளம் ÷ கோட்டு இடைவெளி. 500 கோட்டுத் தாளில் 450 நானோமீட்டர் நீலம் சுமார் 13 டிகிரி விலகும், 532 நானோமீட்டர் பச்சை 15.4 டிகிரி, 650 நானோமீட்டர் சிவப்பு 19 டிகிரி. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கோணத்தில் போய் நிற்பதால் வானவில்.

உங்கள் கண்ணாடியில் எட்டுத் திசையில் தெரிகிறது என்றால் அதில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. இடம் வலம் இரண்டு, மேல் கீழ் இரண்டு, மூலைக்கு ஒன்றாக நான்கு. மூலையில் இருப்பவை மற்றவற்றைவிடச் சற்றுத் தள்ளி இருப்பதைக் கவனியுங்கள்.

கதிர்வேல்_எம்

சாக்பீஸ் சார், இது முப்பட்டகம் நிறம் பிரிப்பது போலத்தானே? ஏன் தனியாகக் கோடு, அலை என்று போக வேண்டும்? பிளாஸ்டிக்கில் குட்டிக் குட்டி முப்பட்டகங்கள் இருக்கின்றன என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டெனப் புரிந்துவிடுமே.

சாக்பீஸ்

புரியும், ஆனால் தவறாகப் புரியும். பிள்ளைகளே சோதித்துப் பார்க்கக்கூடிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. முப்பட்டகத்தில் ஊதா அதிகமாக வளையும், சிவப்பு குறைவாக வளையும். இந்தக் கண்ணாடியில் தலைகீழ். விளக்குக்கு அருகில் ஊதாவும் நீலமும், வெளி ஓரத்தில் சிவப்பு. அடுத்ததாக, முப்பட்டகம் தருவது ஒரே ஒரு நிறமாலை. இங்கே இருபுறமும் சமமாக வரும், அதற்கும் வெளியே மங்கலாக இரண்டாம் வரிசை ஒன்றும் இருக்கும். முப்பட்டகத்தில் இந்த இரண்டாம் வரிசைக்கு வழியே இல்லை. அலைகள் ஒன்றுசேர்வதாக எடுத்துக்கொண்டால்தான் அதற்கு விளக்கம் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு "நிறமே தெரியவில்லை, கண்ணாடி கெட்டுப்போச்சு" என்று சில பிள்ளைகள் வருவார்கள். சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி வானவில் உண்டு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரும்பவும் வெள்ளையாகிவிடுகிறது, ஓரத்தில் மட்டும்தான் நிறம் எட்டிப்பார்க்கும். இருட்டுப் பின்னணியில் சின்ன விளக்கு. அதுதான் இந்தக் கண்ணாடிக்கு வேண்டியது.

ரொறன்ரோ_நிலவன்

எங்கட பக்கம் நத்தார் காலத்தில் இதை நிறையப் பேர் பாவிப்பார்கள். வீட்டு முற்றம், பூங்கா எல்லாம் மின்குமிழ் சோடினை நடக்கும்போது வாசலிலேயே இந்த அட்டைக் கண்ணாடியைக் கையில் தருவார்கள். போட்டால் ஒவ்வொரு குமிழைச் சுற்றியும் பனித்துகள், பனிமனிதன், மான் என்று தெரியும். பிள்ளைகளுக்கு அதைக் கழற்றவே மனம் வராது. பொருநைக்கரையின் இதயமும் அதே வகைதான். அது எப்படி வருகிறது என்று எனக்கும் அறிய ஆசை. படத்தைத் தாளில் ஒளித்து வைத்திருக்கிறார்களா?

நிக்கல்தகடு

படத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லலாம், ஆனால் படமாக இல்லை. நான் ஹாலோகிராம் லேபிள் அடிக்கும் தொழிலில் இருப்பவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாக்பீஸ் சார் சொன்ன விதியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் ஒளி அதிகக் கோணத்துக்குப் போகும், தள்ளித் தள்ளி இருந்தால் குறைந்த கோணத்துக்குப் போகும். கோடுகளைச் சாய்த்தால் ஒளி போகும் திசையும் சாயும். ஆக, எந்த இடைவெளி, எந்தச் சாய்வு என்று தேர்ந்தெடுத்தால் விளக்கைச் சுற்றி நாம் விரும்பிய இடத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வைக்கலாம். இதயத்தின் வெளிக்கோடு நிறையப் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய கீற்றணியைக் கணினியில் கணக்கிட்டு, அத்தனையையும் ஒன்றாகக் கலந்து ஒரே தாளில் பொறித்துவிட்டால், விளக்கைச் சுற்றி இதயம் வந்துவிடும். இந்தக் கணக்குக்கு ஃபூரியே உருமாற்றம் என்று பெயர். பொறித்ததை நுண்ணோக்கியில் பார்த்தால் இதயம் தெரியாது. ஒழுங்கில்லாத பொட்டுப் பொட்டான பரப்புதான் தெரியும். இதயம் விளக்கிலிருந்து 3 முதல் 5 டிகிரி தள்ளித் தெரிகிறது என்றால் அந்தப் பொறிப்புகளின் இடைவெளி ஏறத்தாழ 6 முதல் 10 மைக்ரோமீட்டர். வானவில் தாளைவிட இது பல மடங்கு பெரியது.

இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். தாளை இடம் வலமாக நகர்த்தினால் இதயம் நகராது. அதன் எந்தப் பகுதி வழியாகப் பார்த்தாலும் அதே இதயம்தான், ஒரு சின்னத் துண்டை வெட்டி எடுத்தாலும் போதும். ஆனால் தாளைச் சுழற்றினால் இதயமும் கூடவே சுழலும். அப்புறம், வெள்ளை விளக்கில் சிவப்பு இதயம் பெரிதாகவும் நீல இதயம் சிறிதாகவும் இருப்பதால் கோடு நிறம் பிரிந்து தடிமனாகத் தெரியும். பச்சை நிற எல்.இ.டி. ஒன்றைப் பார்த்தால் அதே இதயம் எவ்வளவு கூர்மையாகிறது என்று பாருங்கள். மலிவான தாள்களில் எதிர்ப்பக்கம் தலைகீழாக இன்னொரு படமும் வரும். பள்ளத்தின் ஆழம் இரண்டே நிலையில் இருந்தால் அதைத் தவிர்க்க முடியாது. ஆழத்தைப் பல படிகளாகப் பொறித்தால்தான் அந்த இரட்டைப் படம் அடங்கும்.

இது எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்பார்கள். மூல வார்ப்பு ஒன்றைச் செய்வதில்தான் உழைப்பு முழுவதும். சாதாரணக் கீற்றணி என்றால், ஒளியால் மாறும் பூச்சு பூசிய கண்ணாடியில் இரண்டு லேசர் கற்றைகளை ஒரு கோணத்தில் சந்திக்க விடுவார்கள். அவை சந்திக்கும் இடத்தில் தானாகவே வெளிச்சமும் இருட்டுமாகக் கோடுகள் விழும். கழுவியதும் அது மேடு பள்ளமாகிவிடும். அதன்மேல் மின்முலாம் முறையில் நிக்கல் படிய வைத்து உரித்தெடுத்தால் ஒரு மெல்லிய தகடு. அந்தத் தகட்டை உருளையில் சுற்றி, சூடேறிய பிளாஸ்டிக் சுருளை அதனடியில் ஓட்டினால் மீட்டர் மீட்டராகப் பதிந்துகொண்டே போகும். பரிசுப் பொருள் சுற்றும் மினுமினுப்புத் தாள், மருந்து அட்டைப்பெட்டி மேல் ஒட்டும் ஹாலோகிராம் எல்லாம் இதே வழிதான்.

ரொறன்ரோ_நிலவன்

மிக்க நன்றி நிக்கல்தகடு அண்ணை. துண்டு வெட்டினாலும் முழுப்படம் வரும் என்பது எனக்குப் புதிது. இன்றிரவே பழைய கண்ணாடி ஒன்றை வெட்டிப் பார்க்கப் போகிறேன்.

கரிசல்காடு

சிவகாசிப் பக்கத்துக்காரன் நான். தீபாவளிக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டாசை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே என்ன மருந்து எரிகிறது என்பதே கொஞ்சம் தெரியும்.

வானத்தில் வெடிக்கும் பேன்சி ரகங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உப்பு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்கு சோடியம். வெள்ளைக்கு மெக்னீசியம் அல்லது அலுமினியத் தூள். கண்ணாடி போட்டுக்கொண்டு மஞ்சள் பூவைப் பாருங்கள். பக்கத்தில் வானவில் வராது. அதே மஞ்சள் பூ, அதே கூர்மையோடு, இடத்திலும் வலத்திலும் பிரதி எடுத்த மாதிரி நிற்கும். சோடியம் 589 நானோமீட்டரில் மட்டும் ஒளிர்வதால் இழுபட அதில் வேறு நிறமே இல்லை. வெள்ளைப் பூவின் பிரதி முழு வானவில்லாக நீண்டுவிடும். சிவப்பு நடுவாந்தரம், சிவப்புப் பகுதிக்குள்ளேயே சில பட்டைகளாக அகலமாகும். நீலம்தான் பாவம், மங்கலான ஊதா நீலத் தீற்றலாக வரும். நல்ல நீலம் செய்வது எங்கள் தொழிலில் கஷ்டமான வேலை. தாமிரக் குளோரைடு மூலக்கூறு அதிகச் சூட்டில் உடைந்துவிடும், சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் குறைந்துவிடும்.

கம்பி மத்தாப்பையும் பாருங்கள். பறக்கும் பொறி ஒவ்வொன்றும் காய்ந்து சிவந்த இரும்புத் துகள். அதனால் ஒவ்வொரு பொறிக்கும் சிவப்பிலிருந்து நீலம் வரை இடைவெளியே இல்லாத ஒரு வானவில் கோடு இழுபடும். புஸ்வாணம் முழு வீச்சில் அடிக்கும்போது கண்ணாடிக்குள் தெரிவதை எழுத்தில் சொல்ல முடியாது.

பற்றவைக்கிற ஆள் மட்டும் கண்ணாடி போடக் கூடாது. திரி எங்கே, தீ எங்கே என்று பிரதிகளுக்கு நடுவில் தெரியாது. தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குத்தான் இது.

மாடித்தோட்டம்

கரிசல்காடு அண்ணா, பட்டாசில் பேரியம் கூடாது என்று 2018-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, 2021-இல் மறுபடியும் வலியுறுத்தியதே. அப்படியென்றால் இந்தக் கண்ணாடி வழியாகப் பச்சைப் பட்டை தெரிந்தால் அது தடை செய்யப்பட்ட பட்டாசு என்று கண்டுபிடித்துவிடலாமா?

சாக்பீஸ்

அவ்வளவு தூரம் போக முடியாது. பேரியம் குளோரைடின் பட்டைகள் ஏறத்தாழ 505 முதல் 535 நானோமீட்டர் வரை வரும். தாமிரச் சேர்மங்களும் அதே பச்சைப் பகுதியில் ஒளிர்கின்றன. அளவுகோல் இல்லாத கண்ணாடியில், ஒரு நொடியில் அணைந்துவிடும் வெளிச்சத்தைப் பார்த்து இதுதான் என்று அடித்துச் சொன்னால் நாளைக்கு ஒரு கடைக்காரர் மேல் பழி விழும். புகார் செய்ய ஆய்வக முடிவு வேண்டும். எந்தத் தனிமம் எரிகிறது என்று ஊகிக்கப் பிள்ளைகளைப் பழக்குவதற்கு இந்தக் கண்ணாடி அருமையான சாதனம். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

அரக்குச்சேலை

நான் திருமணப் படம் எடுப்பவள். கண்ணாடியாக இல்லாமல் தாளாக வாங்கி, ஒரு துண்டை எப்போதும் கேமரா பையில் வைத்திருப்பேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடை விளக்குகளை அதன் வழியாகப் பார்த்துவிடுவேன்.

பழைய குண்டு பல்பு என்றால் சிவப்பிலிருந்து ஊதா வரை ஒரே சீராக இருக்கும், கவலையில்லை. சுருள் சி.எஃப்.எல். என்றால் வானவில்லே வராது. ஊதாவில் ஒரு சுருள், நீலத்தில் ஒரு சுருள், பச்சையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று என்று பல்பின் உருவமே தனித்தனியாக நிற்கும். இடையில் இருட்டு. வெள்ளை எல்.இ.டி. என்றால் நீலத்தில் ஒரு பளீர் குண்டு, அதை அடுத்து ஒரு மங்கல் பள்ளம், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை அகலமான பட்டை. அந்தப் பட்டை சிவப்பில் எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். மட்டமான விளக்கில் ஆரஞ்சு முடிந்ததுமே வெளிச்சம் தேய்ந்துவிடும். அந்த வெளிச்சத்தில் அரக்குப் பட்டு கருத்துப் பழுப்பாகத் தெரியும், மணப்பெண் முகம் வெளிறிப்போகும். அப்படியிருந்தால் என் விளக்கை நம்பித்தான் எடுப்பேன்.

ஜவுளிக்கடையில் சேலை எடுக்கும்போது வாசல் வெயிலில் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள் இல்லையா, அதற்கும் காரணம் இதுதான்.

டெஸ்டர்_ராமு

அக்கா சொல்வது சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு விளக்குக் கடையில் போய் "இதன் நிறத்தரம் 90 இல்லை, 70தான்" என்று யாரும் சண்டை போட வேண்டாம். நிறத்தரக் குறியீடு என்பது குறிப்பிட்ட சில வண்ண மாதிரிகள் அந்த விளக்கில் எப்படித் தெரிகின்றன என்று கணக்கிட்டு வரும் எண். கண்ணால் வெளிச்சத்தின் அளவை ஒப்பிடுவது ரொம்பக் கடினம், பச்சை எப்போதும் நமக்குத் தூக்கலாகத்தான் தெரியும். இந்தத் தாள் எந்த நிறம் சுத்தமாக இல்லை என்று காட்டும். எத்தனை விழுக்காடு குறைவு என்பதற்குக் கருவிதான் வேண்டும்.

அரக்குச்சேலை

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. நானும் எண்ணைத் தேடவில்லை. இரண்டு விளக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மட்டம் என்று தெரிந்துவிடும், என் வேலைக்கு அது போதும்.

வானோடி

கிரகணக் கேள்வியை நான் மறுபடி எடுக்கிறேன், இதில் ஒரு நடைமுறை ஆபத்து இருக்கிறது. 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தின்போது கோவை, திண்டுக்கல், திருச்சி, யாழ்ப்பாணம் எல்லாம் பாதையில் இருந்தன. அப்போது வாங்கிய சூரியக் கண்ணாடிகள் பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. அதுவும் அட்டைச் சட்டம்தான், இதுவும் அட்டைச் சட்டம்தான். பிள்ளைகள் மாற்றி எடுத்துவிட்டால் கண் போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுக்கொண்டிருக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது.

பிரித்தறிய எளிய வழி: வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். சூரியக் கண்ணாடி வழியாக டியூப்லைட்கூடத் தெரியக் கூடாது, கும்மிருட்டாக இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 12312-2 தரத்தின்படி அது 0.0032 விழுக்காட்டுக்கு மேல் ஒளியை விடக் கூடாது. அறை தெரிந்தால் அது சூரியனுக்கான கண்ணாடி இல்லை. கீறலோ சுருக்கமோ விழுந்த பழைய சூரியக் கண்ணாடியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இதைச் சொன்னபிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முழுச் சூரிய கிரகணத்தில் மட்டும் இந்த வானவில் தாளுக்கு அற்புதமான ஒரு வேலை இருக்கிறது. சூரியன் முழுமையாக மறைந்த அந்தக் கணத்தில், நிலாவின் விளிம்பில் சூரியனின் நிறமண்டலம், அதாவது அதன் மேற்பரப்பைச் சுற்றியுள்ள மெல்லிய வாயு அடுக்கு, மெல்லிய பிறையாகச் சில நொடிகள் தெரியும். அப்போது தாள் வழியாகப் பார்த்தால் சிவப்பில் ஒரு பிறை, மஞ்சளில் ஒன்று, பச்சை நீலத்தில் ஒன்று என்று வரிசையாகப் பிறைகள் நிற்கும். சிவப்பும் பச்சை நீலமும் ஹைட்ரஜன், 656 மற்றும் 486 நானோமீட்டர். மஞ்சள் ஹீலியம். இதை 1870 கிரகணத்தில் முதலில் கண்டவர் சார்லஸ் யங். சூரியனின் ஒரு துளி திரும்பி வந்தாலும் உடனே தாளை இறக்கிவிட வேண்டும், அனுபவமுள்ளவர் ஒருவர் பக்கத்தில் நின்று நேரம் சொல்ல வேண்டும். 2027 ஆகஸ்ட் 2 முழுக் கிரகணம் எகிப்தின் லக்சர், சவூதியின் ஜித்தா வழியாகப் போகிறது. ஜித்தாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு வீட்டு மாடியிலிருந்தே வாய்ப்பு. இந்தியாவில் தெரிவது அதிகபட்சம் பகுதிக் கிரகணம்தான், பகுதிக்கும் வளையத்துக்கும் இந்தத் தாளை நினைக்கவே வேண்டாம்.

அந்த ஹீலியம் மஞ்சள் கோட்டுக்கும் அன்றைய சென்னை மாகாணத்துக்கும் உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தை குண்டூரிலிருந்து ஜூல் ஜான்சனும், மசூலிப்பட்டினத்திலிருந்து சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சனும் நிறமாலைமானி வைத்துப் பார்த்தார்கள். அவர்களிடம் இருந்தவை முப்பட்டகக் கருவிகள். சோடியத்தோடு ஒத்துப்போகாத அந்த மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் என்று பெயர் பெற்றது. அவர்கள் பார்த்த அதே கோட்டை இன்று ஒரு பிளாஸ்டிக் தாளில் பார்க்கலாம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

மாடித்தோட்டம்

வானோடி, கோடு பொறிப்பதை முதலில் செய்தது யார்?

வானோடி

செயற்கையாகச் செய்த முதல் கீற்றணி ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ரிட்டன்ஹவுஸ் செய்தது, 1785-இல். அவருடைய நண்பர் ஃபிரான்சிஸ் ஹாப்கின்சன் பட்டுக் கைக்குட்டை வழியாகத் தெருவிளக்கைப் பார்த்து, இழைகள் தடித்துத் தெரிகின்றனவே, கைக்குட்டையை நகர்த்தினாலும் அவை நகரவில்லையே என்று கேட்டு எழுதினார். ரிட்டன்ஹவுஸ் இரண்டு மெல்லிய திருகுகளின் புரிகளில் முடிகளை வரிசையாக இழுத்துக் கட்டி அதே விளைவை உண்டாக்கிக் காட்டினார். அதற்கும் முன்னால், 1673-இலேயே, பறவை இறகு வழியாகச் சூரிய ஒளியை விட்டு நிறங்கள் பிரிவதை ஜேம்ஸ் கிரிகரி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கீற்றணியை அளவைக் கருவியாக்கியவர் ஃபிரான்ஹோஃபர், 1821 வாக்கில்.

பிள்ளைகளை இதையும் செய்யச் சொல்லுங்கள். இரவில் தொலைவில் எரியும் தெருவிளக்கை மெல்லிய பட்டுத்துணி வழியாகவோ, மெல்லிய வேட்டி வழியாகவோ பார்த்தால் நடுவில் விளக்கும் அதிலிருந்து சிலுவை போல நான்கு பக்கமும் சின்னப் புள்ளிகளும் தெரியும். இழைகளின் இடைவெளி பெரியது என்பதால் புள்ளிகள் மிக நெருக்கமாக இருக்கும், அதனால்தான் விளக்கு தொலைவில் இருக்க வேண்டும். கீழே கிடக்கும் காக்கை இறகும் உதவும்.

டெஸ்டர்_ராமு

பழைய சி.டி.யை மறந்துவிடாதீர்கள். அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டருக்கு 625 கோடு. டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர். அதனால்தான் டிவிடியில் வானவில் இன்னும் அகலமாக விரிகிறது.

மாடித்தோட்டம்

சிவப்பு முன்னால் வருவது மாதிரியும் நீலம் பின்னால் போவது மாதிரியும் காட்டும் ஒரு கண்ணாடி என் மகளின் படப் புத்தகத்தோடு வந்தது. அதுவும் இந்த இனம்தானா?

நிக்கல்தகடு

நெருங்கிய உறவு. ரிச்சர்ட் ஸ்டீன்ப்ளிக் உருவாக்கிய குரோமாடெப்த் முறை அது. பள்ளங்களின் வடிவத்தைச் சாய்வாகச் செதுக்கி, ஒளி முழுவதும் ஒரே பக்கம் போகும்படி செய்வார்கள். பிரதிகள் வராது, ஆனால் நிறத்துக்கு ஏற்ப பிம்பம் கொஞ்சம் நகரும். இரண்டு கண்ணுக்கும் அந்த நகர்வு மாறுபடுவதால் மூளை அதை முன் பின் என்று எடுத்துக்கொள்கிறது. கறுப்புத் தாளில் சிவப்பு, பச்சை, நீல வண்ணங்களால் பிள்ளைகளை வரையச் சொல்லிப் பாருங்கள், மிகவும் ரசிப்பார்கள்.

பலபட்டை தீட்டிய தடித்த கண்ணாடி போட்டு ஒரே ஆளைப் பத்தாகக் காட்டுவது வேறு இனம். அது வெறும் ஒளிவிலகல், கீற்றணி இல்லை.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன், கண்ணாடிச் சட்டம் ஒவ்வொன்றிலும் "சூரியனைப் பார்க்காதே" என்று பிள்ளைகளை விட்டே எழுதவும் வைத்துவிட்டேன்.

சாக்பீஸ் சார், இதை வைத்து அலைநீளத்தை வீட்டிலேயே அளக்க முடியுமா? எங்களிடம் நிறமாலைமானி கிடையாது, டேப்பும் நூலும் மட்டும்தான். கட்டின் மேல் எத்தனை கோடு என்றும் போடவில்லை.

சாக்பீஸ்

தாராளமாக அளக்கலாம். இந்த இழையில் நான் ரொம்ப ஆசையோடு எழுதும் பதில் இதுதான்.

ஒரு சுவரில் சின்ன விளக்கு வையுங்கள். அட்டைப் பெட்டியில் நேர்க்கோடாக ஒரு கீறல் போட்டு உள்ளே பல்பை வைத்தால் இன்னும் நல்லது. கீறலிலிருந்து பக்கவாட்டில் சுவரோடு ஓர் அளவுகோல் ஒட்டுங்கள். கண்ணாடித் தாள் சுவரிலிருந்து சரியாக 100 சென்டிமீட்டரில், சுவருக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்தால் கணக்கு கெடும். ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் பாருங்கள். நிறப்பட்டை அளவுகோலின் மேல் விழுந்த மாதிரியே தெரியும். இன்னொரு பையன் அளவுகோல் மேல் பென்சிலை நகர்த்திக்கொண்டு வரட்டும், நீங்கள் பார்க்கும் நிறத்தோடு பென்சில் ஒன்றும்போது "நிறுத்து" என்று சொல்லுங்கள். அங்கே எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவை வர்க்கமாக்கி, 100-இன் வர்க்கத்தோடு கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அந்த எண்ணால் அளவை வகுத்தால் கோணத்தின் சைன் கிடைத்துவிடும். அதைக் கோட்டு இடைவெளியால் பெருக்கினால் அலைநீளம். எடுத்துக்காட்டாக, 500 கோட்டுத் தாளில் சிவப்பு 34.4 சென்டிமீட்டரில் தெரிந்தால் சைன் 0.325. இடைவெளி 2000 நானோமீட்டர். ஆக 650 நானோமீட்டர். பச்சை 27.6 சென்டிமீட்டரில் தெரிந்தால் 532 வரும்.

எத்தனை கோடு என்று தெரியாவிட்டால் விளக்கையே சாட்சிக்கு இழுக்கலாம். பழைய டியூப்லைட்டோ சி.எஃப்.எல்.லோ இருந்தால் அதை அதே கீறலுக்குப் பின்னால் வையுங்கள். அதில் நீலத்தில் ஒரு கூர்மையான கோடு தெரியும், பாதரசத்தின் 435.8 நானோமீட்டர். அது 22.3 சென்டிமீட்டரில் விழுந்தால் உங்கள் தாளில் மில்லிமீட்டருக்கு 500 கோடு. 23.8-இல் விழுந்தால் ஏறத்தாழ 530 கோடு. அங்குலத்துக்கு 13,500 என்று விற்பது அதுதான், குறுக்கும் நெடுக்குமான தாள்களில் அதிகம் வருவதும் அதுவே. பளிச்சென்று இருக்கிறதே என்று பச்சைக் கோட்டை எடுக்காதீர்கள். பாதரசத்தின் 546-உம், விளக்கின் உட்பூச்சில் உள்ள டெர்பியம் என்ற தனிமத்தின் பச்சையும் ஒட்டி நிற்பதால் நடு எது என்று பிடிபடாது.

எட்டுத் திசைக் கண்ணாடியை, ஒரு வரிசை சரியாகக் கிடைமட்டமாக வரும்படி சுழற்றிக்கொண்டு அந்த வரிசையை மட்டும் அளக்கவும். இதயக் கண்ணாடி இதற்குச் சரிப்படாது. அதில் ஒன்றல்ல, ஓராயிரம் இடைவெளிகள் கலந்திருக்கின்றன.

லேசர் சுட்டியை இதில் ஒளிமூலமாக வைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தாள் வழியாக அதை நேரே பார்த்தால் நடுக்கற்றை கண்ணில் இறங்கும். சுவரில் அடித்து, சுவரில் விழும் புள்ளிகளை அளப்பது தனிச் சோதனை, அதைப் பெரியவர் செய்து காட்டட்டும்.

பொருநைக்கரை

நீலக்கோடு 23.7-இல் விழுந்தது சார்! பிள்ளைகள் மூவர் தனித்தனியாகப் பார்த்தும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அப்படியானால் 530 கோட்டுத் தாள்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஒரு கண்ணாடியில் பிள்ளைகள் கைவைத்துக் கைவைத்து நிறம் மங்கிவிட்டது. துணியால் துடைத்தால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்வது?

நிக்கல்தகடு

துடைக்கவே கூடாது. பொறிப்பு வெளிப்பரப்பில் இருக்கும் தாளில் கைவியர்வையும் எண்ணெயும் பள்ளங்களை நிரப்பிவிடும். எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பதால், பள்ளம் இருந்தும் ஒளிக்கு அது இல்லாதது போலாகிவிடும். கெட்டுப்போன அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொரு பழைய தாளை எடுத்து, பாதியில் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தடவிய பாதியில் வானவில் மங்கிப்போகும். நிறம் சாயத்தால் வருவதல்ல, பள்ளத்தால்தான் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒரு பக்கம் தடவி மாற்றம் இல்லையென்றால் மறுபக்கம் தடவுங்கள், பொறிப்பு அங்கே இருக்கும். இரண்டு பக்கமும் மாறவில்லையென்றால் மேலே காப்புப் படலம் ஒட்டிய தாள் அது. அதை மட்டும் ஈரத்துணியால் தைரியமாகத் துடைக்கலாம்.